பெங்களூர்ல பிடிஎஸ் ஃபர்ஸ்ட் இயர், தம்பிக்கு ரெண்டு சப்ஜெக்ட் போச்சு, அடுத்து என்ன பண்றது?

கேஆர்புரம்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி இங்க பெங்களூர்ல ஒரு பிரைவேட் டென்டல் காலேஜ்ல பிடிஎஸ் (பல் டாக்டர் படிப்பு) ஃபர்ஸ்ட் இயர் முடிச்சிருக்கான், போன வாரம் ரிசல்ட் வந்துச்சு, மூணு சப்ஜெக்ட்ல டென்டல் அனாடமி மட்டும் பாஸ், ஜெனரல் அனாடமியும் பிசியாலஜி பயோகெமிஸ்ட்ரியும் போயிருச்சு. எங்க ஊர் தர்மபுரி பக்கம், அவன் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், ப்ளஸ் டூ மட்டும் தான் இங்கிலீஷ்ல படிச்சான். நான் ஒயிட்ஃபீல்டுல வேலை பாக்குறேன், எங்க வீட்ல டாக்டர் படிப்பு பத்தி தெரிஞ்சவங்க யாரும் இல்ல, அதனால தான் இங்க கேக்குறேன்.

ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க. அவன் ஃப்ரெண்டு சொல்றான் செகண்ட் இயர் கிளாஸ்ல போய் உக்காரலாம், போன சப்ஜெக்டை சப்ளில (சப்ளிமென்டரி எக்ஸாம்) எழுதிக்கலாம்னு. காலேஜ் ஆபீஸ்ல கேட்டா இல்ல, ஆட் பேட்ச் (ஃபெயில் ஆனவங்களோட தனி பேட்ச்) தான், ஒரு வருஷம் போச்சுன்னே வச்சுக்கோங்கன்னு சொல்றாங்க. சீனியர் ஒருத்தர் மூணு சான்ஸ் தான், அதுக்கு மேல சீட்டே போயிரும்னு பயமுறுத்தி விட்டுட்டாரு, அதைக் கேட்டதுல இருந்து தம்பி சரியா சாப்பிடுறதே இல்ல, ஹாஸ்டல்ல இருந்து என் ரூமுக்கு கூட்டிட்டு வந்துட்டேன். அப்பாவுக்கு இன்னும் முழுசா சொல்லல, ஒரு சப்ஜெக்ட் போச்சுன்னு மட்டும் தான் சொல்லியிருக்கோம்.

நோட்டீஸ் போர்டுல படிப்புல பின்தங்கினவங்களுக்கு சாயங்காலம் 4 மணிக்கு ரெமிடியல் கிளாஸ்னு போட்டிருக்காங்களாம், ஆனா இந்த வருஷம் முழுக்க அது உருப்படியா நடக்கலன்னு இவன் சொல்றான். ரூல் உண்மைல என்ன, இனிமே அவனுக்கு எந்த மாதிரி உதவி பண்ணனும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். நல்லா படிக்கிற பையன், நாள் பூரா புக்கோட தான் இருந்தான், அதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

மோலார்36:

அக்கா முதல்ல தம்பியை சாப்பிட வைங்க. நான் இங்க தான் ஹவுஸ் சர்ஜன், அதாவது இன்டர்ன்ஷிப் பண்றேன், நானும் ஆட் பேட்ச் தான், ஃபர்ஸ்ட் இயர்ல எனக்கும் ரெண்டு போச்சு. இப்ப டெய்லி எக்ஸ்ட்ராக்‌ஷன் பண்ணிட்டு இருக்கேன், எந்த பேஷண்டும் நீ எந்த பேட்ச்னு கேட்டது கிடையாது.

செகண்ட் இயர் கிளாஸ் விஷயத்துல அவன் ஃப்ரெண்டு சொல்றது ஒரு சப்ஜெக்ட் போனவங்களுக்கு தான் பொருந்தும். ஒன்னு போச்சுன்னா மேல போகலாம், ஆனா செகண்ட் இயர் எக்ஸாம் எழுதுறதுக்கு முன்னாடி அந்த பழைய சப்ஜெக்டை கிளியர் பண்ணியே ஆகணும். ரெண்டு போச்சுன்னா கிளாஸுக்கு போக முடியாது, சப்ளி வர்ற வரைக்கும் ஃபர்ஸ்ட் இயர் தான். அதே சமயம் இதையும் தெரிஞ்சுக்கோங்க, சப்ளில ரெண்டுல ஒன்னை எடுத்துட்டா கூட மிச்சம் ஒன்னு தானே, அப்ப மேல போயிரலாம், அதனால ஒரு வருஷம் முழுசா போச்சுன்னு சொல்றது சரி கிடையாது, சுமார் ஆறு மாசம் தான் பின்னாடி போவான்.

ஆனா அந்த ஆறு மாசம் கடைசி வரைக்கும் கூடவே வரும், அதையும் மறைக்காம சொல்லிடுறேன். மெயின் பேட்ச் செகண்ட் இயர் போயிருக்கும்போது நம்ம ஏழெட்டு பேர் மட்டும் தனியா சுத்துவோம், ஃபிரெஷர்ஸ் வந்ததும் அவங்களோட லேப்ல நிக்க சொல்லுவாங்க, ஜூனியர் முன்னாடி எழுப்பி கேள்வி கேப்பாங்க, அது வலிக்கும். அப்புறம் எம்டிஎஸ் (பிடிஎஸ்க்கு மேல படிக்கிறது) ஆசை இருந்தா அதுக்கான நுழைவுத் தேர்வு நீட் எம்டிஎஸ்க்கு இன்டர்ன்ஷிப் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள்ள முடிஞ்சிருக்கணும், ஆட் பேட்ச்ல சில பேருக்கு அந்த தேதி தட்டிப்போகும். அது இன்னும் நாலு வருஷம் தள்ளி வர்ற கவலை, இப்ப அவன்கிட்ட இதெல்லாம் பேச வேணாம்.

சிவாஜிநகர்_தோழன்:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபர்ஸ்ட் இயர்லயே ரெண்டு போகுதுன்னா அவனுக்கு இது செட் ஆகலன்னு தானே அர்த்தம். ஃபைனல் இயர்ல எட்டு சப்ஜெக்ட் இருக்கு, அதை எப்படி தாங்குவான். இவ்ளோ ஃபீஸ் கட்டி படிச்சு வெளிய வந்தா கிளினிக்ல ஆரம்ப சம்பளம் எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும். ஒரு வருஷத்தோட நிறுத்திட்டு வேற டிகிரி சேர்த்து விடுங்க, பணமும் மிச்சம், பையன் மனசும் நல்லா இருக்கும்.

ஆசிரியை_ஜேபிநகர்:

நான் இங்க ஒரு டென்டல் காலேஜ்ல பாடம் எடுக்குறேன், வேலூர் பக்கம் இருந்து வந்து ரொம்ப வருஷமா பெங்களூர்ல தான். தோழன் சொன்னதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். ஃபர்ஸ்ட் இயர் ரிசல்ட்டை வச்சு ஒரு பையன் நல்ல பல் டாக்டர் ஆவானா மாட்டானான்னு சொல்லவே முடியாது சார், ஏன்னா ஃபர்ஸ்ட் இயர்ல பாதிக்கு மேல மெடிக்கல் பாடம், கையில செய்ற வேலைன்னு பாத்தா மெழுகுல பல்லு செதுக்குறதும் கொஞ்சம் பிரீ கிளினிக்கலும் (பேஷண்ட் இல்லாம பழகுறது) தான். இந்தப் பையன் பாஸ் ஆனது டென்டல் அனாடமில, அதாவது பல்லை பத்தின பாடத்துல. அதை பாக்காம நிறுத்த சொல்றது நியாயம் இல்ல.

ரூல் பத்தி தெளிவா சொல்றேன், இது டென்டல் கவுன்சில் 2007-ல போட்ட பிடிஎஸ் ரெகுலேஷனும் அதுக்கப்புறம் வந்த திருத்தங்களும். மூணு சான்ஸ்னு யாரோ சொன்னது மூணு வருஷம்ங்கிறதோட குழப்பம். சேர்ந்த தேதில இருந்து மூணு வருஷத்துக்குள்ள ஃபர்ஸ்ட் பிடிஎஸ் எல்லா சப்ஜெக்டும் முடிக்கணும், இல்லன்னா கோர்ஸ்ல இருந்து டிஸ்சார்ஜ். மொத்த கோர்ஸும் இன்டர்ன்ஷிப் ஒரு வருஷத்தையும் சேர்த்து ஒன்பது வருஷத்துக்குள்ள முடிக்கணும். உங்க தம்பிக்கு இப்ப தான் முதல் எக்ஸாம் முடிஞ்சிருக்கு, வருஷத்துக்கு மெயின் ஒன்னு சப்ளி ஒன்னுன்னு வரும், அதனால பக்கத்துல வர்ற சப்ளியை விட்டா உலகம் முடிஞ்சிடாது. ஆனா மூணு வருஷம்ங்கிறது நிஜமான கோடு, சேர்ந்த தேதி எதுன்னு அட்மிஷன் லெட்டர்ல பாத்து எழுதி வச்சுக்கோங்க.

அடுத்து அட்டெண்டன்ஸ். தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 75 சதவீதம் தனித்தனியா வேணும், ரெண்டையும் கூட்டி சராசரி எடுக்க முடியாது. வருஷத்துக்கு 240 நாள் கிளாஸ்னா 180 நாள் கணக்கு வரும், ஆனா காலேஜ்ல சப்ஜெக்ட் வாரியா மணி கணக்குல தான் பாப்பாங்க, அனாடமி டிசெக்‌ஷன் ஹாலுக்கு போகாம லைப்ரரில உக்காந்து படிச்சா அட்டெண்டன்ஸ் விழுந்துரும். இந்த சப்ளிக்கு முன்னாடி ரிப்பீட்டர்ஸ் எத்தனை கிளாஸ் வரணும், புதுசா இன்டர்னல் டெஸ்ட் வைப்பாங்களா, அந்த மார்க்கை யுனிவர்சிட்டிக்கு அனுப்புவாங்களான்னு மூணையும் எச்ஓடிகிட்ட (டிபார்ட்மெண்ட் ஹெட்) நேர்ல கேளுங்க, காலேஜுக்கு காலேஜ் இது மாறுது.

ரீவேல்யூவேஷன் போடலாமான்னு நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க. பேப்பரை ரெண்டு பேர் திருத்துற முறை இருக்குற யுனிவர்சிட்டில ரீவேல்யூவேஷன் கிடையாதுன்னு ரெகுலேஷன்லயே இருக்கு, ரீடோட்டலிங் மட்டும் தான். கிரேஸ் மார்க் 5 வரைக்கும் குடுக்கலாம்னும் இருக்கு, ஆனா அது மத்த எல்லாத்துலயும் பாஸ் ஆகி ஒரே ஒரு சப்ஜெக்ட்ல மட்டும் ஃபெயில் ஆனவங்களுக்கு, ரெண்டு போனவங்களுக்கு பொருந்தாது. அதுல நம்பிக்கை வச்சு நாளை கடத்தாதீங்க.

இப்ப முக்கியமானது, மார்க்‌ஷீட் இல்லாம நான் மேல ஒன்னும் சொல்ல முடியாது. தியரி, வைவா (எக்ஸாமினர் நேர்ல கேள்வி கேக்குறது), இன்டர்னல், பிராக்டிகல்னு பிரிச்சு போட்டிருப்பாங்க, அதை இங்க போடுங்க. பேரு நம்பர் எல்லாம் வேணாம், மார்க் மட்டும்.

கேஆர்புரம்_அக்கா:

ரொம்ப நன்றி மேடம், மூணு வருஷம்னு தெரிஞ்சதுமே தம்பி மூஞ்சில ஒரு தெளிவு வந்துச்சு. மார்க் இதோ. அனாடமி தியரி 70-க்கு 27, வைவா 20-க்கு 11, இன்டர்னல் 10-க்கு 4, மொத்தம் 42. அனாடமி பிராக்டிகல் 90-க்கு 56, இன்டர்னல் 5, மொத்தம் 61. பிசியாலஜி பயோகெம் தியரி 34, வைவா 8, இன்டர்னல் 4, மொத்தம் 46. அதுல பிராக்டிகல் 39, இன்டர்னல் 4, மொத்தம் 43. அனாடமில பிராக்டிகல் பாஸ் ஆயிட்டான்ல, அப்ப தியரி மட்டும் எழுதினா போதுமா?

ஆசிரியை_ஜேபிநகர்:

போதாதுமா, தியரில 50 பிராக்டிகல்ல 50 ரெண்டும் ஒரே எக்ஸாம்ல தனித்தனியா வாங்கணும், ஒன்னு போனாலும் சப்ஜெக்ட் முழுசும் திரும்ப எழுதணும்.

ஆனா இந்த மார்க்கை நல்லா பாருங்க, ரெண்டு சப்ஜெக்டும் ஒரே காரணத்தால போகல. அனாடமில வைவா 11, பிராக்டிகல் 56, அதாவது எலும்பைக் கையில குடுத்தா சொல்றான், ஸ்பாட்டர்ல அடையாளம் காட்டுறான், ஸ்லைடு பாத்து சொல்றான். எழுதுறப்ப மட்டும் 27. இது படிக்காத பையனோட மார்க் இல்ல, எழுதி முடிக்க முடியாத பையனோட மார்க். அவன்கிட்ட கேளுங்க, எத்தனை கேள்வி விட்டான்னு. பிசியாலஜில இது தலைகீழ், எழுதுனதுல பாதி மார்க் கிட்ட வாங்கியிருக்கான், ஆனா எக்ஸாமினர் முன்னாடி நின்னா 8 தான், கையில செய்ய சொன்னா 39 தான். அங்க பிரச்சனை வாய் திறக்குறதும் கை ஓடுறதும்.

ரெண்டு பிரச்சனைக்கும் இன்னும் நல்லா படின்னு சொன்னா எதுவும் சரியாகாது. எங்க ஊர்ல டென்டல் படிப்புல எனக்கு இருக்குற பெரிய வருத்தமே இது தான். ஃபெயில் ஆனவன் எப்ப திரும்ப எழுதலாம், எத்தனை வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு எல்லாம் ரூல் இருக்கு. அவன் ஏன் ஃபெயில் ஆனான்னு உக்காந்து பாத்து அதுக்கு ஏத்த மாதிரி சொல்லிக் குடுக்குறது டீச்சரோட நல்ல மனசுல விட்டிருக்கு. ரெமிடியல் கிளாஸ்னு ஒரு மணி நேரம் போட்டு, பழைய பிபிடி ஸ்லைடை திரும்ப ஓட்டி, ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கி இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஃபைல் பண்ணி வைப்பாங்க. தமிழ் மீடியத்துல இருந்து வந்த பையனுக்கும், ராத்திரி பூரா ஃபோன்ல இருக்குற பையனுக்கும், வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லாம லீவு போட்ட பொண்ணுக்கும் அதே பிபிடி. நான் ஸ்டாஃப் மீட்டிங்ல இதை சொல்லாத வருஷம் இல்ல.

சரி, உங்க தம்பிக்கு வர்றேன். ஆன்சர் ஸ்கிரிப்ட் காப்பிக்கு எப்ப அப்ளை பண்ணலாம்னு காலேஜ் எக்ஸாம் செக்‌ஷன்ல உடனே கேளுங்க, அதுக்கு ஒரு கடைசி தேதி இருக்கும். காப்பி வந்தா அனாடமி டீச்சர்கிட்ட அதை வச்சு எங்க மார்க் போச்சுன்னு கேக்க சொல்லுங்க. மூணு மணி நேரத்துல 70 மார்க்குன்னா ஒரு மார்க்குக்கு ரெண்டரை நிமிஷம், பத்து மார்க் கேள்விக்கு 25 நிமிஷம், அஞ்சு மார்க்குக்கு 12, ரெண்டு மார்க்குக்கு 5. இதை விட்டுட்டு முதல் ரெண்டு பெரிய கேள்விக்கே ஒன்றரை மணி நேரம் எடுக்குற பசங்க தான் அதிகம், உங்க தம்பியும் அப்படின்னு நினைக்கிறேன். தினமும் ஒரு பத்து மார்க் கேள்வி, கடிகாரம் வச்சு, பேப்பர்ல பேனால எழுதணும், மனசுல ஓட்டுறது கணக்கு இல்ல. பரோட்டிட் கிளாண்டு, ஃபேஷியல் நெர்வ், டிஎம் ஜாயிண்ட், நாக்கு, மாண்டிபுலர் நெர்வ், மெல்லுறதுக்கான மசில்ஸ், மேக்ஸிலரி சைனஸ்னு தலை கழுத்துல இருந்து தான் பெரும்பாலும் வரும், பழைய கொஸ்டின் பேப்பரை அடுக்கி வச்சா அவனுக்கே தெரியும். இங்கிலீஷ் வாக்கியம் கோர்க்க நேரம் ஆகுதுன்னா படம் போட்டு லேபிள் பண்ணட்டும், நெர்வோட பாதையை அம்புக்குறி போட்டு கிளைகளை வரிசையா எழுதட்டும், பேராகிராஃப் வேணும்னு யாரும் கேக்கல. படமும் ஹெட்டிங்கும் இருந்தா திருத்துறவங்களுக்கு மார்க் போட இடம் கிடைக்கும், இது நான் திருத்துற அனுபவத்துல சொல்றேன்.

பிசியாலஜிக்கு லேப்ல நிக்கணும். ஹீமோகுளோபின் பாக்குறது, பிளட் குரூப், பிளீடிங் டைம் கிளாட்டிங் டைம், பிபி பாக்குறது, பயோகெம்ல யூரின்ல சுகர், புரோட்டீன், கீட்டோன், பைல் சால்ட் டெஸ்ட். ஒவ்வொன்னும் செய்யும்போதே வாய்விட்டு சொல்லிட்டே செய்யணும், இப்ப என்ன எடுக்குறேன், எதுக்கு, நார்மல் எவ்ளோ. பல்லு புடுங்குறதுக்கு முன்னாடி பிளீடிங் டைம் ஏன் தெரியணும்னு கேட்டா சொல்ல தெரிஞ்சா எக்ஸாமினர் சந்தோஷமா மார்க் போடுவாரு. நீங்க டென்டல் படிக்கலன்னாலும் பரவாயில்ல, ராத்திரி சாப்பிட்டதும் அவன் முன்னாடி உக்காந்து புக்கை கையில வச்சு கேள்வி கேளுங்க, அவன் இங்கிலீஷ்ல பதில் சொல்லட்டும், தடுமாறுனா விடுங்க, தமிழ்ல புரிஞ்சுக்கிட்டு மறுபடி இங்கிலீஷ்ல சொல்ல வைங்க. தெரிஞ்ச முகத்துக்கு முன்னாடி பத்து தடவை தடுமாறுனவன் தெரியாத எக்ஸாமினர் முன்னாடி அவ்ளோ தடுமாற மாட்டான்.

ஹெச்எஸ்ஆர்_டென்டிஸ்ட்:

டீச்சர் மேடம் சொன்னதை படிச்சுட்டு தான் இதை எழுதுறேன். நான் இங்க பிடிஎஸ் முடிச்சு அமெரிக்கால அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங்ல (வெளிநாட்டுல பல் டாக்டர் படிச்சவங்களுக்கான கோர்ஸ்) சேர்ந்து படிச்சேன், இப்ப திரும்ப பெங்களூர்லயே கிளினிக் வச்சிருக்கேன். நான் படிச்ச ஸ்கூல்ல ஸ்டூடன்ட் ப்ரோக்ரஸ் பாக்குறதுக்குன்னே ஒரு கமிட்டி இருந்துச்சு, ஒவ்வொரு டெர்ம் முடிஞ்சதும் யார் யார் எங்க இடறியிருக்காங்கன்னு பாப்பாங்க. ஒரு கோர்ஸ் போச்சுன்னா அந்த கோர்ஸ் டைரக்டர் எழுத்துல ஒரு பிளான் குடுப்பாரு, எதை திரும்ப செய்யணும், யார்கிட்ட, எந்த தேதிக்குள்ள, எப்படி டெஸ்ட் வைப்பாங்கன்னு. கிளினிக்கல் ஸ்கில்னா ஃபாண்டம் ஹெட்ல (பழகுறதுக்கான பொம்மைத் தலை) பக்கத்துல நின்னு பாத்து, கையை எப்படி ரெஸ்ட் பண்றன்னு திருத்துவாங்க. ரெமிடியேஷன்ல பாஸ் ஆனாலும் ஒரு அளவுக்கு மேல கிரேடு குடுக்க மாட்டாங்க, ரெண்டு மூணு கோர்ஸ் போச்சுன்னா வருஷத்தை திரும்ப படிக்க சொல்லலாம், வெளியவும் அனுப்பலாம், ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி ஸ்டூடன்ட் கமிட்டி முன்னாடி வந்து பேசலாம், அப்பீல் பண்ணலாம்.

அங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. அங்க கடன் தலைக்கு மேல இருக்கும், டிஸ்மிஸ் ஆனா கடன் மட்டும் மிஞ்சும், அந்த பயத்தை நான் கண்ணால பாத்திருக்கேன். லைசன்ஸுக்கான போர்டு எக்ஸாமும் 2020-ல இருந்து ஐஎன்பிடிஇன்னு ஒரே எக்ஸாம், அஞ்சு வருஷம் இல்லன்னா அஞ்சு தடவை, எது முதல்ல வருதோ அதுக்குள்ள பாஸ் ஆகணும். கண்டிப்புல நம்ம ஊரை விட குறைச்சல் இல்ல. ஆனா அந்த ஒரு பக்க பிளான் இருக்கு பாருங்க, அது இங்க குடுக்குறதுக்கு பணமும் தேவை இல்ல, புது சட்டமும் தேவை இல்ல. அக்கா நீங்க எச்ஓடியை பாக்கப் போகும்போது ஒரு வெள்ளைப் பேப்பர்ல தம்பியோட மார்க் பிரிவை எழுதி, எங்களுக்கு அனாடமில எழுதுற பயிற்சி வேணும், பிசியாலஜில மாக் வைவா வேணும், யார்கிட்ட எந்த நாள் வரலாம்னு கேட்டு எழுதி குடுங்க. சும்மா ரெமிடியல் நடக்கலன்னு கம்ப்ளெயிண்ட் சொன்னா அவங்க தற்காத்துக்க தான் பாப்பாங்க. இன்னது வேணும்னு கேட்டா முக்கால்வாசி டீச்சர்ஸ் குடுப்பாங்க, பாடம் எடுக்குறவங்களுக்கு கேக்குற பையனை புடிக்கும்.

பானஸ்வாடி_அப்பா:

என் பொண்ணு பிடிஎஸ் தேர்ட் இயர். மேல தோழன் நிறுத்தச் சொன்னாரு, அதுல பண விஷயத்தை யாரும் பேசலயேன்னு எழுதுறேன். எங்க பொண்ணோட கிளாஸ்மேட் ஒருத்தன் நிறுத்தப் போனப்ப மிச்ச வருஷத்து ஃபீஸையும் கட்டுன்னு மேனேஜ்மென்ட்ல கேட்டாங்க, ஒரிஜினல் டிசி மார்க்‌ஷீட் எல்லாம் அவங்ககிட்டயே இருந்துச்சு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை காலேஜ் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லயே நோட்டிபிகேஷன் போட்டிருக்கு, அதை பிரிண்ட் எடுத்துட்டு போய் காமிச்சதும் தான் பேச்சு இறங்கி வந்துச்சு. நிறுத்துறதோ தொடர்றதோ எதுவா இருந்தாலும் முதல்ல ஃபீஸ் விஷயத்தை எழுத்துல வாங்குங்க. ஆட் பேட்ச்ல இருக்குற மாசத்துக்கு என்ன கட்டணும், செகண்ட் இயர் ஃபீஸ் எப்ப ஆரம்பிக்குது, ஹாஸ்டலுக்கு என்னன்னு. வாய்ல சொன்னதை நம்பாதீங்க, ரசீது இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க. பதில் வரலன்னா ஸ்டூடன்ட் கிரீவன்ஸ் கமிட்டிக்கு எழுதலாம், யுஜிசி 2023 ரெகுலேஷன்படி அப்படி ஒரு கமிட்டி காலேஜ்ல இருக்கணும்.

இன்னொன்னு சொல்றேன் மா, அப்பாகிட்ட சொல்லிருங்க. நானும் அப்பன் தான், கஷ்டப்பட்டு கட்டுற ஃபீஸ் பத்தி கோபம் வரும், ஒரு நாள் கத்துவோம், அவ்ளோ தான். ஆனா பிள்ளை எங்ககிட்ட மறைச்சிருக்குன்னு பின்னாடி தெரிஞ்சா அது ஆறவே ஆறாது. நீங்க முன்ன நின்னு சொல்லுங்க, தம்பியை தனியா அனுப்பாதீங்க.

சிவாஜிநகர்_தோழன்:

மார்க்கை பிரிச்சு டீச்சர் சொன்னதை படிச்சேன், நான் அந்த மாதிரி யோசிக்கவே இல்ல. பையன் தொடரணும்னு நினைச்சா தொடரட்டும். என்கிட்ட அனாடமி படம் போட்டு சொல்லிக் குடுக்குற ஒரு கசின் இருக்கான், கோரமங்களால தான், வேணும்னா மெசேஜ் பண்ணுங்க.

மோலார்36:

டீச்சர் சொன்ன மூணு மணி நேரக் கணக்கை நான் அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஜூனியர்ஸ் குரூப்ல போட்டுட்டேன். அக்கா இன்னும் ஒன்னு, தம்பி தூங்காம சாப்பிடாம இருக்குறது ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா அதை சோம்பேறித்தனம்னோ பயம்னோ விட்டுறாதீங்க. டெலி மானஸ்னு கவர்ன்மென்ட் மனநல உதவி நம்பர் இருக்கு, 14416, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. நேர்ல பாக்கணும்னா ஓசூர் ரோட்ல நிம்ஹான்ஸ் (மனநல ஆஸ்பத்திரி) இருக்கவே இருக்கு. எங்க பேட்ச்ல ஒருத்தன் அங்க போனதுக்கு அப்புறம் தான் தூங்கவே ஆரம்பிச்சான், இப்ப என்கூட தான் இன்டர்ன்ஷிப் பண்றான்.

கன்னடமும் இப்பவே கொஞ்சம் கத்துக்க சொல்லுங்க. தேர்ட் இயர்ல கிளினிக் போஸ்டிங் வந்ததும் கேஸ் ஹிஸ்டரி பேஷண்ட்கிட்ட அவங்க பாஷைல தான் எடுக்கணும். சிட்டி மார்க்கெட், சிவாஜிநகர் பக்கம் இருந்து வர்றவங்க தமிழ் பேசுவாங்க, ஆனா எல்லாரும் அப்படி இல்ல. இந்த ஆறு மாசம் ஃப்ரீயா இருக்குற சாயங்காலத்துல மெஸ் அண்ணாகிட்ட பேசினாலே பாதி வந்துரும்.

கேஆர்புரம்_அக்கா:

எல்லாருக்கும் பதில் தனித்தனியா எழுதணும்னு நினைச்சேன், நேரம் கிடைக்கல, மன்னிச்சுக்கோங்க. நேத்து லீவு போட்டுட்டு தம்பியோட காலேஜ் போனேன். டீச்சர் மேடம் சொன்ன மாதிரியே கேட்டேன், அனாடமில கடைசி மூணு அஞ்சு மார்க் கேள்வியும் ரெண்டு மார்க் கேள்வி எல்லாமும் தொடவே இல்லையாம், நேரம் முடிஞ்சிருச்சாம். இதை அவன் இவ்ளோ நாள் யார்கிட்டயும் சொல்லல, மெதுவா எழுதுறேன்னு சொன்னா அசிங்கம்னு நினைச்சிருக்கான்.

அனாடமி எச்ஓடி முதல்ல அவசரத்துல தான் பேசினாரு, ஹெச்எஸ்ஆர் டாக்டர் சொன்ன மாதிரி எழுதி எடுத்துட்டு போன பேப்பரை குடுத்ததும் உக்கார சொல்லிட்டாரு. வாரத்துக்கு ரெண்டு நாள் டிபார்ட்மெண்ட்லயே எழுதி காட்டட்டும், திருத்தி தர்றேன்னு சொன்னாரு, ரிப்பீட்டர்ஸுக்கு புதுசா இன்டர்னல் இருக்காம். பிசியாலஜில அவ்ளோ ஈஸியா நடக்கல, லேப் டைம் ஃபர்ஸ்ட் இயர் பேட்ச் வந்ததுக்கு அப்புறம் தான், அது வரைக்கும் திறக்க ஆள் இல்லன்னு சொல்றாங்க, அடுத்த வாரம் மறுபடி வர சொல்லியிருக்காங்க. ஃபீஸ் பத்தி எழுதி குடுத்திருக்கோம், பதில் இன்னும் வரல. அப்பாகிட்ட நேத்து ராத்திரி ஃபோன்ல சொல்லிட்டோம், ரொம்ப நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்காரு.

ஒரே ஒரு கேள்வி, பிசியாலஜி லேப் திறக்குற வரைக்கும் வீட்ல என்ன செய்யலாம்?

ஆசிரியை_ஜேபிநகர்:

ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. பிபி பாக்குறதுக்கு லேப் வேணாம், கையால அடிக்கிற பிபி மெஷினும் ஸ்டெதஸ்கோப்பும் ஒரு செட் வாங்குங்க, பட்டன் அமுக்குனா தானா காட்டுற டிஜிட்டல் மெஷின் இதுக்கு உதவாது. ஞாயித்துக்கிழமை அப்பா வந்ததும் அப்பாவுக்கே பாக்கட்டும், முதல்ல பல்ஸை தொட்டுப் பாத்து, அப்புறம் ஸ்டெத் வச்சு, ஒவ்வொரு ஸ்டெப்பும் இங்கிலீஷ்ல சொல்லிட்டே. மத்த டெஸ்ட் எல்லாம் ரெக்கார்டு நோட்டை திறந்து வச்சு புரொசீஜரை பாக்காம எழுதி, அப்புறம் வாயால சொல்லட்டும். அடுத்த வாரம் போறப்ப லேப் முழுசா திறக்க சொல்லி கேக்காதீங்க, ஒரு டியூட்டர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ரிப்பீட்டர்ஸ் எல்லாருக்கும் சேர்த்து குடுக்க முடியுமான்னு கேளுங்க, மத்த பசங்களையும் கூட்டிட்டு போய் சேர்ந்து கையெழுத்து போட்டு குடுங்க. அப்பவும் நடக்கலன்னா பிரின்சிபால்கிட்ட அதே பேப்பரோட காப்பி ஒன்னு போகட்டும், தேதி போட்டு, ஆபீஸ் சீல் வாங்கி.